குற்ற விளையாட்டுகளில் ஒளிந்திருக்கும் 'ஈஸ்டர் முட்டைகள்': தேட வேண்டியது பெயர்களையும்தான்

ஜொகூர் பாரு - 'ஜிடிஏ' என்று இளைஞர்கள் சுருக்கமாகச் சொல்லும் 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ' விளையாட்டின் பெயரைக் கேள்விப்படாத குடும்பம் இன்று அரிது. ஸ்கூடாய், தம்போய், மாசாய், உலு திராம் என எந்தத் தாமானுக்குப் போனாலும் அதை விளையாடியவர்கள் நாலு பேராவது இருப்பார்கள். 2013-ஆம் ஆண்டு வெளிவந்த அதன் ஐந்தாம் பாகம் மட்டும் உலகெங்கும் 20 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கிறது.

பக்கத்தில் நின்று எட்டிப் பார்க்கும் பெற்றோருக்குத் தெரிவதெல்லாம் கார் திருட்டு, துப்பாக்கிச் சத்தம், விரட்டி வரும் போலீஸ் வண்டி. ஆனால், பிள்ளைகள் மணிக்கணக்கில் அந்தக் கற்பனை நகரத்தைச் சுற்றி வருவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதன் சந்து பொந்துகளிலும் மலை உச்சியிலும் கட்டடங்களுக்குள்ளும் அதை உருவாக்கியவர்கள் எதையாவது ஒளித்து வைத்திருக்கிறார்கள். அப்படி ஒளித்து வைப்பதற்கு 'ஈஸ்டர் எக்', அதாவது ஈஸ்டர் முட்டை என்று பெயர்.

இந்த முட்டைகளைத் தேடிப் பிடித்து நண்பர்களிடம் காட்டுவதோடு பலர் நின்றுவிடுகிறார்கள். இந்தப் பழக்கம் எப்படித் தொடங்கியது என்று தோண்டிப் பார்த்தால், அடியில் ஒரு தொழிலாளர் பிரச்சினை கிடக்கிறது. உழைத்தவர்களின் பெயர் எங்கே என்பதுதான் அது.

பெயர் போடாததால் பிறந்த முட்டை

1970-களின் இறுதியில் அமெரிக்காவின் அட்டாரி நிறுவனம் வீடியோ விளையாட்டுத் துறையில் கொடிகட்டிப் பறந்தது. ஆனால், விளையாட்டை எழுதிய நிரலாளரின் பெயரைப் பெட்டியிலோ திரையிலோ அது போடாது. ஒருவரே மாதக்கணக்கில் உட்கார்ந்து முழு விளையாட்டையும் எழுதிய காலம் அது. ஆனாலும் வெளியே தெரிந்தது நிறுவனத்தின் பெயர் மட்டுமே.

'அட்வென்ச்சர்' என்ற விளையாட்டை எழுதிய வாரன் ராபினெட் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். யாருக்கும் சொல்லாமல் விளையாட்டுக்குள் ஓர் இரகசிய அறையைக் கட்டினார். பின்னணியின் நிறத்திலேயே இருந்ததால் கண்ணுக்குத் தெரியாத ஒரு சின்னஞ்சிறு புள்ளியை எடுத்துக்கொண்டு குறிப்பிட்ட சுவரருகே போனால்தான் அந்த அறைக்குள் நுழைய முடியும். உள்ளே அவருடைய பெயர் மின்னிக்கொண்டிருக்கும்.

அவர் நிறுவனத்தை விட்டு விலகிய பிறகுதான் குட்டு வெளிப்பட்டது. சால்ட் லேக் சிட்டியைச் சேர்ந்த 15 வயதுச் சிறுவன் ஒருவன் அந்த அறையைக் கண்டுபிடித்து அட்டாரிக்குக் கடிதம் எழுதினான். அதை அழிப்பதென்றால் செலவாகும். அதிகாரியான ஸ்டீவ் ரைட் வேறு மாதிரி யோசித்தார். ஈஸ்டர் திருநாளில் பிள்ளைகள் தோட்டத்தில் முட்டை தேடுவதைப் போல, இனி வரும் விளையாட்டுகளிலும் எதையாவது ஒளித்து வைக்கலாம் என்றார். 'ஈஸ்டர் எக்' என்ற பெயர் இந்தத் துறையில் நிலைத்தது அப்படித்தான்.

அதே காலத்தில், பெயரும் பங்கும் கிடைக்காத கோபத்தில் அட்டாரியின் நிரலாளர்கள் நால்வர் வெளியேறினார்கள். 1979-இல் அவர்கள் சேர்ந்து தொடங்கியதுதான் ஆக்டிவிஷன் நிறுவனம். அங்கே விளையாட்டை எழுதியவரின் பெயர் வெளிப்படையாகவே அச்சாயிற்று.

பிழையில் பிறந்த வேகம்

ஜிடிஏ பிறந்த இடம் ஸ்காட்லாந்தின் டண்டீ நகரம். அங்கிருந்த டிஎம்ஏ டிசைன் என்ற நிறுவனம் 1990-களின் நடுவில் 'ரேஸ் அண்ட் சேஸ்' என்ற பெயரில் கார் துரத்தல் விளையாட்டு ஒன்றை உருவாக்கிக் கொண்டிருந்தது. அது எடுப்பாக அமையவில்லை. அப்போது நிரலில் ஒரு பிழை புகுந்து, போலீஸ் கார்கள் பைத்தியம் பிடித்ததுபோல் விளையாடுபவரின் வண்டி மீது வந்து மோதத் தொடங்கின. சோதித்துப் பார்த்தவர்களுக்கு அதுதான் பிடித்துப் போயிற்று. பிழையைத் திருத்துவதற்குப் பதிலாக விளையாட்டையே அதைச் சுற்றி வளர்த்தார்கள் என்று உருவாக்கியவர்களே பின்னாளில் சொல்லியிருக்கிறார்கள். 1997-இல் முதல் ஜிடிஏ வெளிவந்தது. அந்த நிறுவனம்தான் இன்று எடின்பரோவில் இயங்கும் ராக்ஸ்டார் நார்த்.

மூன்றாம் பாகத்தின் பின்னணியிலும் ஒரு கதை உண்டு. நியூயார்க் நகரைப் போன்ற ஊரில் நடக்கும் அந்த விளையாட்டு 2001 அக்டோபர் தொடக்கத்தில் வெளிவர வேண்டியிருந்தது. செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு வெளியீடு சில வாரங்கள் தள்ளிப்போனது. நியூயார்க் காவல்துறையின் வண்டிகளை நினைவூட்டிய போலீஸ் கார்களின் நிறம் கறுப்பு வெள்ளையாக மாற்றப்பட்டது. அட்டைப்படமும் மாறியது.

பாலத்தின் உச்சியில் ஒரு கேலி

அந்த மூன்றாம் பாகத்தில், சாதாரணமாக யாரும் போக முடியாத கட்டடச் சந்து ஒன்றில் ஓர் அறிவிப்பு ஒட்டப்பட்டிருக்கிறது. நீங்கள் இங்கே வந்திருக்கவே கூடாதே என்ற பொருளில் அது பேசும். பாடுபட்டு வந்தவருக்கு அதுவே பரிசு.

2002-இல் வந்த 'வைஸ் சிட்டி'யில் கேலியை நிஜமாகவே முட்டையாக்கினார்கள். தொலைக்காட்சி நிலையக் கட்டடம் ஒன்றின் குறிப்பிட்ட சன்னலை நோக்கித் தாவினால், கண்ணாடி வழியாக உள்ளே புகுந்துவிடலாம். அங்கே மேடை மீது ஒரு பெரிய சாக்லேட் முட்டை, ஈஸ்டர் வாழ்த்தோடு வைக்கப்பட்டிருக்கும்.

முட்டை தேடும் ரசிகர்கள் பெருகிவிட்டார்கள் என்று தெரிந்ததும் அடுத்த பாகத்தில் அவர்களையே கிண்டல் செய்தார்கள். 2004-இல் வந்த 'சான் அன்ட்ரியாஸ்' விளையாட்டில், சான் பிரான்சிஸ்கோவின் பொன்வாசல் பாலத்தைப் போன்ற பாலம் ஒன்று உண்டு. சிரமப்பட்டு அதன் கோபுர உச்சிக்குப் போனால், இங்கே முட்டை எதுவும் இல்லை, போய்விடுங்கள் என்று ஒரு பலகை துரத்தும்.

நான்காம் பாகத்தில் சுதந்திர தேவி சிலையை ஒத்த ஒரு சிலை நிற்கிறது. கையில் தீபத்துக்குப் பதில் காப்பிக் குவளை. ஹெலிகாப்டரில் பறந்து போய்ச் சிலைக்குள் நுழைந்தால், சங்கிலியால் கட்டப்பட்ட இராட்சத இதயம் ஒன்று துடித்துக்கொண்டிருக்கும். ஐந்தாம் பாகத்தின் மலை ஒன்றில் இரவு 11 மணி முதல் 12 மணி வரை மட்டும் ஒரு பெண்ணின் ஆவி தோன்றும். கிட்டே போனால் மறைந்துவிடும். அவள் நின்ற பாறையில் இரத்தத்தால் எழுதிய ஒரு பெயர் இருக்கும். அது அந்த விளையாட்டு உலகில் ஆளுநர் பதவிக்குப் போட்டியிடும் ஒருவரின் பெயர். செய்தியையும் விளம்பரத்தையும் கவனித்து வந்தவருக்குத்தான் அந்த முடிச்சு அவிழும்.

திரைப்படக் குறிப்புகளுக்கும் குறைவில்லை. 'வைஸ் சிட்டி'யின் மாளிகையும் ஒரு குடியிருப்பில் ஒளிந்திருக்கும் இரத்தக்கறை படிந்த குளியலறையும் 1983-இல் வந்த 'ஸ்கார்ஃபேஸ்' படத்திலிருந்து வந்தவை. ஐந்தாம் பாகத்தின் பாலைவனத்தில் வண்டிகளும் பிணங்களும் சிதறிக் கிடக்கும் இடம், 'நோ கன்ட்ரி ஃபார் ஓல்ட் மென்' படக் காட்சியின் நகல். படம் பார்த்தவர் சிரிப்பார். பார்க்காதவர் கடந்து போவார்.

எல்லா மறைவும் வேடிக்கை இல்லை

பெற்றோர் தெரிந்து வைத்திருக்க வேண்டிய சம்பவம் ஒன்று 2005-இல் நடந்தது. 'சான் அன்ட்ரியாஸ்' விளையாட்டுக்காகப் பாலியல் காட்சி ஒன்றை உருவாக்கிய தயாரிப்பாளர்கள், பின்னர் அதை வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். ஆனால் வட்டிலிருந்து அதை நீக்கவில்லை. பூட்டி மட்டும் வைத்தார்கள். நெதர்லாந்து ரசிகர் ஒருவர் அந்தப் பூட்டைத் திறக்கும் சிறு நிரலை இணையத்தில் வெளியிட்டார். அதற்கு 'ஹாட் காஃபி' என்று பெயர்.

அமெரிக்காவில் பெரும் சர்ச்சை வெடித்தது. 17 வயதுக்கு மேற்பட்டோருக்கு என்றிருந்த தர முத்திரை, 18 வயதுக்கு மேற்பட்டோருக்கு மட்டும் என்று மாறியது. பெரிய கடைகள் அதை அலமாரியிலிருந்து எடுத்துவிட்டன. ஆஸ்திரேலியாவில் விற்பனை அனுமதியே பறிபோனது. தம் 14 வயதுப் பேரனுக்கு அதை வாங்கிக் கொடுத்திருந்த 85 வயதுப் பாட்டி ஒருவர் நியூயார்க்கில் வழக்குத் தொடுத்தார். அதில் ஒரு முரண் இருக்கிறது. அந்தப் பூட்டிய காட்சி இல்லாவிட்டாலும் அந்த விளையாட்டு 14 வயதுச் சிறுவனுக்கு உரியதாக இருக்கவில்லை. பெட்டியின் முகப்பிலேயே வயது அச்சாகியிருந்தது.

ஜொகூர் கடற்பாலத்தைத் தாண்டினால் சிங்கப்பூரில் இத்தகைய விளையாட்டுகளுக்கு 'எம்18' முத்திரை உண்டு. 18 வயது நிரம்பாதவருக்குக் கடையில் விற்கக் கூடாது. ஆனால் இன்று பெரும்பாலான விளையாட்டுகள் கடைக்கே வருவதில்லை. வீட்டு இணையம் வழியாக நேரே இறங்குகின்றன. புரோட்டோன் கார் ஓடும்படியும் நம் நாட்டுப் போலீஸ் வண்டி வரும்படியும் மலேசிய ரசிகர்கள் மாற்றியமைத்த ஜிடிஏ பதிப்புகளும் இணையத்தில் உலவுகின்றன. அவற்றில் கைவண்ணம் உண்டு. ஆனால் எங்கிருந்து இறக்குகிறோம், அதோடு என்னவெல்லாம் ஒட்டி வருகிறது என்பதைப் பார்க்காமல் கணினியில் ஏற்றுவது ஆபத்து. முத்திரையைப் படிக்கும் பொறுப்பு வீட்டுக்கு வந்துவிட்டது.

50 படச்சுருள்கள், விடுபட்ட நூற்றுக்கும் மேற்பட்ட பெயர்கள்

மறைந்திருக்கும் குறிப்புகளுக்கு இன்னொரு நல்ல எடுத்துக்காட்டு, 2011 மே மாதம் வெளிவந்த 'எல்.ஏ. நோயர்'. இதில் விளையாடுபவர் திருடன் இல்லை, போலீஸ் அதிகாரி. 1947-ஆம் ஆண்டின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் நடக்கும் வழக்குகளைத் துப்புத்துலக்க வேண்டும். பழைய வான்வழிப் புகைப்படங்களைப் பார்த்து அந்தக் கால நகரத்தை அப்படியே எழுப்பினார்கள். கொலை வழக்குகள் சில, அந்த ஆண்டில் அந்த நகரில் உண்மையில் நடந்த கொலைகளைத் தழுவியவை.

சாட்சி பொய் சொல்கிறாரா என்று முகத்தைப் பார்த்தே கண்டுபிடிக்க வேண்டும் என்பது இதன் சிறப்பு. அதற்காக நடிகர்களை நாற்காலியில் உட்கார வைத்து, சுற்றிலும் 32 கேமராக்களைப் பொருத்தி, ஒவ்வொரு தசை அசைவையும் பதிவு செய்தார்கள். நகரமெங்கும் 50 தங்கப் படச்சுருள்கள் ஒளிந்திருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு பழைய ஹாலிவுட் படத்தின் பெயரைத் தாங்கியது. நியூயார்க்கின் டிரைபெக்கா திரைப்பட விழாவில் இடம்பெற்ற முதல் வீடியோ விளையாட்டும் இதுவே.

இத்தனை நுணுக்கமாகப் பழைய படங்களுக்கு மரியாதை செய்த விளையாட்டின் இறுதிப் பெயர்ப்பட்டியலில்தான் ஓட்டை விழுந்தது. இதை உருவாக்கிய சிட்னி நகரின் டீம் பாண்டி நிறுவனத்தில் ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் வேலை நடந்தது. இடையில் பலர் வந்தார்கள், போனார்கள். விளையாட்டு வெளிவந்தபோது நூற்றுக்கும் மேற்பட்டோரின் பெயர்கள் விடுபட்டோ தவறாகவோ இருந்தன என்று முன்னாள் ஊழியர்கள் புகார் எழுப்பினார்கள். அவர்களே தனி இணையத்தளம் தொடங்கி, விடுபட்ட பெயர்களை ஒவ்வொன்றாக எழுதி வெளியிட்டார்கள். அளவுக்கு மீறிய வேலை நேரம் பற்றிய முறையீடுகளும் அப்போது வெளிவந்தன. நிறுவனம் அதே ஆண்டில் மூடப்பட்டது.

2018-இல் 'ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2' வெளிவந்தபோதும் இதே கேள்வி எழுந்தது. வேலை முடியும்வரை இருந்தவர்களுக்கே பட்டியலில் இடம் என்பது ராக்ஸ்டார் நீண்ட காலமாகக் கடைப்பிடித்த வழக்கம். இடையில் விலகிய ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்குத் தன் இணையத்தளத்தில் அது பெயர் சொல்லி நன்றி தெரிவித்தது. விளையாட்டின் உள்ளே அந்தப் பெயர்கள் ஏறவில்லை.

மூலை மழுங்கிய நட்டு

பெயர் ஏன் இவ்வளவு முக்கியம் என்று கேட்கலாம். ஒரு டோனட் கடை அதற்குப் பதில் சொல்லும்.

பழைய 'சான் அன்ட்ரியாஸ்' விளையாட்டில் 'டஃப் நட் டோனட்ஸ்' என்ற கடை உண்டு. ஆங்கிலத்தில் 'நட்' என்றால் கொட்டை என்றும் பொருள், போல்ட்டில் முடுக்கும் நட்டு என்றும் பொருள். அதனால் கடையின் பெயர்ப்பலகையில் இருந்த டோனட், ஆறு மூலைகள் கொண்ட இரும்பு நட்டின் வடிவத்தில் செய்யப்பட்டிருந்தது. சின்னஞ்சிறு சிலேடை. அதை வரைந்த கலைஞர் தன் மனத்துக்குள் சிரித்திருப்பார்.

2021 நவம்பரில் மூன்று பழைய ஜிடிஏ விளையாட்டுகளையும் மெருகேற்றி மறுபடியும் வெளியிட்டார்கள். புதிய பதிப்பில் கரடுமுரடாகத் தெரிந்த உருவங்களையெல்லாம் வழவழப்பாக்கினார்கள். அந்த நட்டின் ஆறு மூலைகளும் மழுங்கி, அது வெறும் வட்டமாகிவிட்டது. சிலேடை செத்தது. ரசிகர்கள் உடனே கண்டுபிடித்துவிட்டார்கள். வேறு பல குறைகளும் சேர்ந்துகொள்ள, ராக்ஸ்டார் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது.

ஓர் ஓவியர் எதை நினைத்து வரைந்தார் என்று தெரியாத இடத்தில், அவருடைய கருத்து 'பிழை' என்று திருத்தப்பட்டுவிடும். நம் கோயில் சிற்பத்தின் மீது பொருள் தெரியாமல் சாயம் பூசுவதைப் போன்றதுதான் இது.

இந்தக் கதைக்குப் பின்குறிப்பு ஒன்றும் உண்டு. 2024 நவம்பரில் அந்தப் பதிப்புக்கு ஒரு பெரிய திருத்தம் வந்தது. அதில் 2021-இல் வேலை செய்த குரோவ் ஸ்திரீட் கேம்ஸ் நிறுவனத்தின் பெயர் தொடக்கத் திரையிலிருந்து காணாமற்போனது. தாங்கள் செய்த வேலையும் உள்ளே இருக்க, பெயரை மட்டும் எடுத்தது நியாயமில்லை என்ற பொருளில் அதன் தலைவர் கண்டித்தார்.

பெங்களூரிலிருந்து வரும் கைகள்

இந்த அமெரிக்கக் கற்பனை நகரங்களில் இந்தியக் கைகளும் வேலை செய்திருக்கின்றன என்பது நம்மவர்களில் பலருக்குத் தெரியாது.

முதல் ஜிடிஏ வெளிவந்த அதே 1997-இல், பெங்களூரில் ராஜேஷ் ராவ் துருவா இன்டராக்டிவ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். இந்தியாவின் முன்னோடி விளையாட்டு நிறுவனங்களில் அது ஒன்று. வெளிநாட்டு விளையாட்டுகளுக்குக் கார்கள், கட்டடங்கள், பொருள்கள் ஆகியவற்றின் உருவங்களைச் செய்து கொடுத்தே அது வளர்ந்தது. பின்னர் அதை ஸ்வீடனின் ஸ்டார்பிரீஸ் நிறுவனம் வாங்கியது. வங்கிக் கொள்ளையை மையமாகக் கொண்ட 'பேடே' விளையாட்டுகளுக்குப் பெயர்பெற்ற நிறுவனம் அது. 2019-இல் ஸ்டார்பிரீஸ் நெருக்கடியில் சிக்கியபோது, 79 இலட்சம் அமெரிக்க டாலருக்குத் துருவாவை ராக்ஸ்டார் வாங்கிக்கொண்டது. 2016 முதல் பெங்களூரில் இயங்கி வந்த ராக்ஸ்டார் இந்தியாவோடு துருவாவின் 300-க்கும் மேற்பட்ட கலைஞர்கள் இணைந்தார்கள்.

2026 நவம்பர் 19 என்று வெளியீட்டு நாள் அறிவிக்கப்பட்ட ஜிடிஏ ஆறாம் பாகம் அமெரிக்காவின் ஃபுளோரிடாவைப் போன்ற மாநிலத்தில் நடக்கிறது. ஆனால் இன்றைய பெரிய விளையாட்டு எதுவும் ஒரே ஊரில் உருவாவதில்லை. அதன் தெருவிளக்கும் குப்பைத்தொட்டியும் கடைப்பலகையும் எந்த ஊர் மேசையில் பிறந்தன என்பதை இறுதிப் பட்டியல்தான் சொல்ல வேண்டும்.

ஜொகூர் இளைஞர்களுக்கு இதில் என்ன இருக்கிறது?

மலேசியாவும் இந்தத் துறையில் பின்தங்கி நிற்கவில்லை. 2017-இல் மறுபடியும் மெருகேற்றி வெளியிடப்பட்ட 'ஸ்டார்கிராஃப்ட்' விளையாட்டின் ஓவிய வேலையில் நம் நாட்டு லெமன் ஸ்கை நிறுவனத்துக்குப் பெரும் பங்கு உண்டு. பிளேஸ்டேஷனும் லாரியானும் கோலாலம்பூரில் கிளை வைத்திருக்கின்றன. ஜொகூரில் பார்த்தால், ஸ்கூடாயில் உள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் கணினி வரைகலைப் படிப்பு இருக்கிறது. கடற்பாலத்துக்கு அப்பால் சிங்கப்பூரில் யுபிசாஃப்ட் நிறுவனம் 2008 முதல் இயங்கி வருகிறது. எஸ்பிஎம் முடித்துவிட்டு, ஓவியம் வரையவோ நிரல் எழுதவோ ஆசைப்படும் பிள்ளைக்கு இது வெறும் கனவு இல்லை.

ஆனால் இந்த வட்டாரத்துக்கு வரும் வேலையில் பெரும்பகுதி, வேறு யாருடைய பெயரிலோ வெளிவரப்போகும் விளையாட்டின் ஒரு துண்டுதான். கார் கதவைச் செய்தவர், கல் சுவரை வரைந்தவர், பிழை தேடிச் சலித்தவர் ஆகியோர்தான் பட்டியலில் முதலில் விடுபடுகிறவர்கள். அடுத்த வேலைக்கு விண்ணப்பிக்கும்போது, இதை நான் செய்தேன் என்று நிரூபிக்க அவர்களிடம் இருக்கும் ஒரே சான்று அந்தப் பட்டியல். பல ஒப்பந்தங்களில் செய்த வேலையை வெளியே காட்டக் கூடாது என்றும் இருக்கும். அப்போது பட்டியலில் பெயரும் இல்லையென்றால் இரண்டு மூன்று ஆண்டு உழைப்பு கணக்கில்லாமல் போய்விடும்.

எனவே, வேலையில் சேரும்போது சம்பளத்தோடு சேர்த்து மூன்று விஷயங்களைக் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. இறுதிப் பட்டியலில் பெயர் வருமா? இடையில் விலகினாலும் வருமா? விளையாட்டு வெளிவந்த பிறகு, செய்த வேலையை விண்ணப்பத்தில் காட்டலாமா? குறைந்தது 30 நாள் வேலை செய்தவருக்குப் பெயர் போட வேண்டும் என்று அனைத்துலக விளையாட்டு உருவாக்குநர் சங்கத்தின் வழிகாட்டி பரிந்துரைக்கிறது. அது சட்டமில்லை. ஆனாலும் பேச்சுவார்த்தையில் எடுத்துக்காட்ட உதவும்.

பெற்றோர் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. வயது வந்த பிள்ளை இத்தகைய விளையாட்டை விளையாடினால், திரையை அணைக்கச் சொல்லும் முன், அதில் என்ன கண்டுபிடித்தாய் என்று ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம். கடைப்பலகையில் ஒளிந்திருக்கும் சிலேடையைக் கவனித்துச் சொல்லும் கண், வரைகலைக்கும் நிரலுக்கும் தேவைப்படும் கண்தான்.

கதை முடிந்ததும் பெயர்கள் ஓடத் தொடங்கும். பெரும்பாலோர் பொத்தானை அழுத்தித் தாண்டிவிடுவார்கள். ராபினெட் ஓர் இரகசிய அறை கட்டித் தேடிக்கொண்ட இடம் அது. அடுத்த முறை தாண்டாமல் சில நிமிடம் பார்த்தால், பெங்களூர், கோலாலம்பூர், சிங்கப்பூர் என்ற தலைப்புகளின் கீழ் நமக்குப் பழகிய பெயர்கள் சில கண்ணில் படக்கூடும்.